எதிர் நாற்காலி

உயிரைக் காப்பாற்றுவதற்கென்றே கட்டிய கட்டடத்தில் எனக்கு இரண்டு பல் போயிற்று. அதில் ஒன்று முன்பல். வாயைத் திறந்தால் வார்த்தைக்கு முன்னால் காற்று வருகிறது, கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அதனால்தான் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

நானும் தம்பியும் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறோம். அவன் கண்ணாடி வெட்டுவான், நான் அதன்மேல் பெயர் எழுதுவேன். கடைக் கதவுகளில் வெளிப்பக்கம் எழுதினால் வெயிலும் மழையும் கையும் பட்டு பெயிண்ட் உரிந்துவிடும். ஆகவே உள்பக்கம் நின்று, எழுத்தை இடவலம் மாற்றி எழுத வேண்டும். அப்போதுதான் தெருவில் போகிறவனுக்கு நேராகத் தெரியும். இருபது வருடமாக இதே வேலை. எதைப் பார்த்தாலும் எதிர்ப்பக்கத்தில் நிற்பவனுக்கு இது எப்படித் தெரியும் என்று என் மூளை தானாகக் கணக்குப் போட்டுவிடும்.

தம்பி என்றால் பதினோரு நிமிடம் இளையவன். ரெட்டைப் பிள்ளைகள் நாங்கள். ஒரே மூக்கு, ஒரே வழுக்கை, இடது காதுக்குக் கீழே ஒரே மச்சம். சின்ன வயதில் அவன் செய்த தப்புக்கு அம்மா என்னை வெளுத்ததெல்லாம் உண்டு.

அன்று காலை வண்டியிலிருந்து ஆறடிப் பலகைக் கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தோம். "அண்ணே, உன் பக்கம் சாயுது, பார்த்து" என்றான். என் பக்கம் சாயவில்லை. அவன் பக்கம் சாய்ந்தது. கண்ணாடி சத்தமில்லாமல் அவன் தொடைக்குள் இறங்கி, வெளியே வந்து, அதற்கப்புறம்தான் தரையில் விழுந்து உடைந்தது. ரத்தம் பீய்ச்சி அடித்துச் சுவரில் இருந்த காலண்டர்வரை போயிற்று. இடுப்பு பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கி, வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். தம்பி பொண்டாட்டி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மாமா, இவரு கண்ணை மூடறாரு மாமா" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தாள்.

மருத்துவமனையில் ஒரு நெட்டை டாக்டரம்மா. வந்து ஒரு வாரம்தான் ஆகிறது, இந்த ஊர் வழக்கம் எதுவும் தெரியாது. அதுதான் எங்கள் அதிர்ஷ்டம். தம்பியின் சட்டைப்பையில் இருந்த இரத்த வகை அட்டையை நான் நீட்ட, அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தானே ஒரு வெள்ளைப் பீங்கான் ஓட்டில் மூன்று சொட்டு ரத்தம் வைத்து, மருந்து விட்டுக் கலக்கி, ஆட்டிப் பார்த்தார்.

"ஓ பாசிட்டிவ். நாலு பை வேணும். ஓடுங்க."

"டாக்டரம்மா, அட்டையில ஏ நெகட்டிவ்னு போட்டிருக்கே?"

"அட்டைக்கா ரத்தம் ஏத்தப் போறேன்? சிவப்பணு ஒவ்வொண்ணும் சட்டையில பேட்ஜ் குத்திக்கிட்டுத்தான் உடம்புக்குள்ள சுத்துது. சிலதுல ஏ, சிலதுல பி, சிலதுல ரெண்டும் இருக்கும். ரெண்டுமே இல்லன்னா ஓ. அது போக 'டி'ன்னு இன்னொரு பேட்ஜ். அது இருந்தா பாசிட்டிவ், இல்லன்னா நெகட்டிவ். உங்க தம்பிகிட்ட டி மட்டும்தான் இருக்கு. ஏ பேட்ஜ் குத்தின ஒருத்தன் இவரு உடம்புக்குள்ள நுழைஞ்சான்னு வைங்க, உள்ள இருக்கிற காவல்படை அவனை அடிச்சு உடைச்சுப் போட்டுடும். அந்தக் குப்பை போய் சிறுநீரகத்தை அடைக்கும். அப்புறம் ஆள் இருக்க மாட்டாரு. ஒரு மணி நேரம் தாக்குப் பிடிப்பாரு, போங்க!"

இரத்த வங்கி சாலைக்கு எதிர்ப்பக்கம். அதன் கண்ணாடிக் கதவு நாங்கள் போட்டது. அன்று வாசலில் பந்தல், உள்ளே மேடை, ஒலிபெருக்கி. அபூர்வ இரத்தச் சாதனை விருது விழாவாம். வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் ஏ நெகட்டிவ் அபூர்வர் சங்கத்து உறுப்பினர்கள் மார்பில் பித்தளைப் பேட்ஜோடு உட்கார்ந்திருந்தார்கள். நானும் அந்தச் சங்கத்தில் உறுப்பினன்தான். இருபத்திரண்டு தடவை ரத்தம் கொடுத்தவன்.

மேடையில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார்.

"சிவப்பணுவைப் பாருங்கள்! நூற்றிருபது நாள் ஓயாமல் சுமை தூக்குகிறது. விடுப்பு கேட்பதில்லை. பிறகு சத்தம் போடாமல் சாகிறது. எனக்குப் பிடித்த ஊழியர் அவர்தான். வெள்ளையணுவைப் பாருங்கள்! புதிதாக யார் வந்தாலும் சந்தேகம், கண்ட இடத்தில் அடி. அதை மனத்தில் வைத்துத்தான் நம் காவலாளியை நியமித்தோம். தட்டணுவோ, எங்கே ஓட்டை தெரிந்தாலும் ஓடிப்போய் மூடி மறைக்கிறது. மேலதிகாரிகள் ஆய்வுக்கு வரும்போது இந்த அலுவலகம் செய்வதும் அதைத்தான்! ஏ நெகட்டிவ் இரத்தம் மற்ற ஊர்களில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. நம் வட்டாரத்தில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு அந்த இரத்தம் ஓடுகிறது! பத்து வருடத்துக்கு முன்னால் இந்த நிலை உண்டா? நான் பொறுப்பேற்றேன். மேசை நாற்காலியை மாற்றிப் போட்டேன். மக்களின் இரத்தமே மாறிவிட்டது!"

கைத்தட்டல் ஓயும்வரை யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பதிவாளரின் மேசையில் போய்ச் சீட்டை வைத்தேன். பதிவாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ஓ பாசிட்டிவா? அடேயப்பா, கிடைக்காத சரக்காச்சே இது! ரெண்டே ரெண்டு பைதான் இருக்கு."

"அதைக் குடுத்தனுப்புங்க சார். மிச்சத்துக்கு என்கிட்ட எடுத்துக்குங்க. நான் அவன்கூடப் பிறந்த ரெட்டை."

இரண்டு பைகளும் ஒரு பெட்டியில் ஏறிச் சாலையைக் கடந்து போயின. ஏற்றுவதற்கு முன்னால் நோயாளியின் ரத்தத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டாமா என்று டாக்டரம்மா கேட்கச் சொன்னதைக் கேட்டேன். பொருத்திப் பார்க்கும் அறையில் பரிசுக் கேடயங்களை அடுக்கியிருப்பதால் விழா முடிந்த பிறகுதான் திறப்பார்களாம். அதற்குள் பதிவாளர் என் அட்டையைப் பிரித்துவிட்டார்.

"நீ ஏ நெகட்டிவ். உன் ரத்தம் அவனுக்கு ஏறாது, கொன்னுடும்."

"சார், நாங்க ரெட்டை. அச்சு அசலா ஒண்ணா இருப்போம். அவனுக்கு ஓன்னா எனக்கும் ஓ தானே?"

"ரெட்டைன்னா ரத்தமும் ஒண்ணா இருக்கணும். இங்க ஒண்ணா இல்ல. ஆகவே நீங்க ரெட்டை இல்ல. ஒரே வயித்துல பொறந்ததுக்கு உங்க அம்மாகிட்ட ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வா. அப்பா ஒருத்தர்தானாங்கறதையும் அவங்களே எழுதிக் குடுக்கட்டும்."

அவர் கேட்டது விதிப்படி சரியாகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது. என் கை மட்டும் அதற்குள் கிளம்பிப் போய் அவர் மூக்கில் இறங்கிவிட்டது. மூக்குக்கண்ணாடி பறந்தது. அடுத்த நொடி என் முதுகில் காவலாளியின் தடி விழுந்தது. மூன்றாவது அடி வாயில். முன்பல் தெறித்து முத்திரை மையில் போய் விழுந்தது. இயக்குநர் சொன்ன வெள்ளையணு இவர்தான் என்று நினைத்துக்கொண்டே தரையில் கிடந்தேன்.

அந்தக் கட்டடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. வளாகத்துக்குள் யாருக்கு ரத்தம் போனாலும் பழச்சாறும் இரண்டு பிஸ்கட்டும் கொடுக்க வேண்டுமாம். அடித்த காவலாளியே என்னைத் தூக்கிச் சாய்வு நாற்காலியில் கிடத்தி, "மெல்ல மென்னு சாப்பிடுங்க, வேகமா எழுந்திரிக்காதீங்க" என்று பிஸ்கட்டை ஊட்டினார். பதிவாளர் மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு, தரையில் சிந்திய என் ரத்தத்தை 'தன்னிச்சையற்ற கொடை' என்ற பத்தியில் பதிந்தார்.

"சந்தேகம்னா மறுபடி சோதிச்சுடலாம். அலுவலகம் தப்பே பண்ணாது. வாங்க, கூட்டத்துக்கு முன்னாடியே பண்ணலாம்" என்று இயக்குநர் மேடையிலிருந்து பெருந்தன்மையாக அழைத்தார். சோதனை மேசையை மேடைக்குக் கொண்டுவந்து போட்டார்கள்.

மேசைக்கு இந்தப் பக்கம் சொட்டுக்காரர், அந்தப் பக்கம் பதிவாளர். சொட்டு வைப்பவரும் முடிவு படிப்பவரும் ஒரே பக்கம் உட்கார்ந்தால் கூட்டுச் சதி வந்துவிடும், அதனால் எதிரெதிராகத்தான் உட்கார வேண்டும் என்பது இயக்குநர் கொண்டுவந்த சீர்திருத்தம். முன்பெல்லாம் சோதனை ஓட்டில் ஏ, பி, டி என்று எழுத்து இருக்குமாம். அதை எடுத்துவிட்டு வங்கியின் சின்னத்தைப் பொறித்துவிட்டார்கள். சொட்டுக்காரர் என் விரலில் குத்தி, தன் இடப்பக்கமிருந்து வரிசையாக மூன்று சொட்டு வைத்தார். முதலாவதில் ஏ மருந்து, இரண்டாவதில் பி மருந்து, மூன்றாவதில் டி மருந்து. கலக்கினார். முதல் இரண்டும் வழவழவென்று கிடந்தன. மூன்றாவது மட்டும் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக ஆயிற்று. எந்த மருந்தில் திரிகிறதோ அந்தப் பேட்ஜ் ரத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

எதிர்ப்பக்கத்திலிருந்து பதிவாளர் குனிந்தார். அவருடைய இடப்பக்கமிருந்து படித்தார். "முதல் சொட்டு திரிஞ்சிருக்கு. ரெண்டாவது இல்ல. மூணாவது இல்ல. ஏ நெகட்டிவ்!" கூட்டம் கைதட்டியது.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இருபது வருடமாக நான் செய்யும் வேலை அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்கு முதல் எழுத்து கடைசி எழுத்து.

"சார்! நீங்க அந்தப் பக்கத்துலேருந்து படிக்கிறீங்க! அவருக்கு மூணாவது உங்களுக்கு முதல்! திரிஞ்சது டி சார், ஏ இல்ல!" பிறகு சொட்டுக்காரரைப் பிடித்து உலுக்கினேன். "நீங்க பார்க்கலையா? பத்து வருஷமா எதிர்லயே உட்கார்ந்திருக்கீங்களே?"

"பார்த்தேன். ஆனா படிக்க எனக்கு அதிகாரம் இல்ல. நான் சொட்டு வைக்கறவன்" என்றார் அவர், பாவமாக.

அப்போதுதான் எனக்கு மிச்சமும் விளங்கியது. இந்த ஊரில் ஓ பாசிட்டிவ் என்றால் ஏ நெகட்டிவ் என்று எழுதுகிறார்கள். அப்படியானால் ஏ நெகட்டிவ்? அதுதான் ஓ பாசிட்டிவ்! அட்டையும் தப்பு, பையும் அதே தப்பு. பத்து வருடமாகத் தப்பும் தப்பும் ஜோடி சேர்ந்து ஒருத்தரும் சாகாமல் ஓடியிருக்கிறது. இன்றைக்கு ஒரே ஒரு டாக்டரம்மா சரியாகப் பார்த்துத் தொலைத்துவிட்டார். தம்பிக்கு உண்மையான ஓ. போய்க்கொண்டிருக்கும் இரண்டு பையிலும் ஏ.

"அந்தப் பையை நிறுத்துங்க! அது ஏ ரத்தம்! தம்பி செத்துடுவான்!" என்று கத்திக்கொண்டு மேடையிலிருந்து குதித்தேன். "இங்க இருக்கறவங்க எல்லாம் ஏ நெகட்டிவ் இல்ல! நாம எல்லாரும் சாதா ஓ பாசிட்டிவ்!"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சங்கத் தலைவர் எழுந்தார். சிமெண்ட் மூட்டை மாதிரி ஆள்.

"யாருய்யா சாதா? யாரைப் பார்த்துச் சாதாங்கற?"

கையில் இருந்த விருதுக் கேடயத்தாலேயே என் தாடையில் போட்டார். இரண்டாவது பல் அங்கே போயிற்று. பிறகு சங்கமே எழுந்து வந்தது. மடக்கு நாற்காலி முதுகில் விழுந்தது. ஒருவர் என் காதைக் கடித்தார். ரத்தப் பை தொங்கவிடும் இரும்புக் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு நான் சுற்றியதில் உபதலைவரின் முழங்கை முறிந்த சத்தம் கேட்டது. காவலாளி யாரை அடிப்பது என்று தெரியாமல் எல்லாரையும் அடித்தார். சொட்டுக்காரரை மேசைக்கடியில் மிதித்தார்கள். ஒலிபெருக்கியில் இயக்குநர், "சிந்தும் இரத்தத்தை வகை பிரித்துச் சேகரிக்கவும்! வகை பிரித்துச் சேகரிக்கவும்!" என்று ஆணையிட்டுக்கொண்டிருந்தார். நேரமோ போய்க்கொண்டே இருந்தது. தம்பியின் முகம்தான் எனக்குத் தெரிந்தது; அதாவது என் முகம், வெளுத்துப்போய்.

வாசலில் காவலாளி நின்றார். கதவு சாத்தியிருந்தது. அது நாங்கள் போட்ட கதவு. என்ன கனம், எங்கே அடித்தால் பொடியாக உதிரும் என்று எனக்குத் தெரியும். கையில் இருந்த கம்பத்தின் கூரான முனையால் கீழ் மூலையில் ஓங்கிக் குத்தினேன். கதவு முழுதும் உப்பு மாதிரி கொட்டியது. அதற்குள் பாய்ந்து சாலையைக் கடந்தேன்.

வார்டில் பையைத் தொங்கவிட்டுவிட்டார்கள். நர்ஸம்மா குழாயின் திருகைத் திறக்கக் கை வைத்திருந்தார். பேச வாய் வரவில்லை. பாய்ந்து மிச்சமிருந்த பற்களால் குழாயைக் கடித்து இழுத்தேன். பை கீழே விழுந்து வெடித்தது. சுவர், கட்டில், என் முகம் எல்லாம் சிவப்பு.

"ஐயோ, அவரைக் கொல்லப் பார்க்கறீங்களா மாமா!" என்று தம்பி பொண்டாட்டி என் கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். ஏற்கெனவே வீங்கிய கன்னம். ஆனாலும் அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

டாக்டரம்மா ஓடிவந்தார். நான் தரையில் இருந்த ரத்தத்தையும் அந்தப் பீங்கான் ஓட்டையும் மாறி மாறிக் காட்டினேன். அந்த அம்மாவுக்குப் புத்தி இருந்தது. கீழே கிடந்ததில் ஒரு சொட்டு எடுத்து வைத்துப் பார்த்தார். முதல் சொட்டு திரிந்தது. அவர் முகத்தில் ரத்தமில்லை.

"ஏ! இது உள்ள போயிருந்தா..." என்றார். நான் காற்றும் எச்சிலுமாக விஷயத்தைச் சொன்னேன். உடனே புதுச் சீட்டு ஒன்று எழுதினார். ஏ நெகட்டிவ், நாலு பை. படித்த படிப்புக்கு விரோதமாக அவர் எழுதிய முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். தம்பி பொண்டாட்டி எடுத்துக்கொண்டு ஓடினாள். உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் பதிவாளர் சிரித்த முகத்தோடு, "ஏ நெகட்டிவா? எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கம்மா!" என்று கொடுத்தாராம். டாக்டரம்மா நாலு பையையும் சோதித்து, தம்பி ரத்தத்தோடு பொருத்தியும் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார். நாலும் அசல் ஓ பாசிட்டிவ்.

சாயங்காலம் தம்பி கண் திறந்தான். "அண்ணே, கண்ணாடி உடைஞ்சிருச்சா?" என்றான். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். இரண்டு பல் போன வாயோடு அழுவது பார்க்க நன்றாக இருக்காது. அதற்காக அழாமல் இருக்க முடியுமா?

மூன்று வாரம் கழித்து விசாரணை. என் புகார் நியாயமானது என்று ஒப்புக்கொண்டார்கள். வரும் திங்கள் முதல் பதிவாளரின் நாற்காலி சொட்டுக்காரர் பக்கமே போடப்படும் என்றார் இயக்குநர்.

"பழைய அட்டையெல்லாம் சார்? குளிர்பெட்டியில இருக்கற பழைய பையெல்லாம்?"

"அதுல கை வைக்க முடியாது. அட்டையைத் திருத்தினா விருதைத் திருப்பித் தரணும்."

"ஐயா சாமி, இத்தனை நாளா ரெண்டும் தப்பா இருந்ததாலதான் ஜனங்க பிழைச்சாங்க. திங்கக்கிழமைலேருந்து பை சரியா வரும், அட்டை தப்பா இருக்கும். பாதி ஊர் செத்துரும்!"

"திருத்தம்னா படிப்படியாத்தான் வரும்பா. அவசரப்பட்டா எப்படி?" என்று இயக்குநர் என் தோளில் தட்டினார். காவலாளி என்னை வெளியே கொண்டுபோய்விட்டார். இந்த முறை படிக்கட்டில் உருட்டியதோடு சரி. கையில் ஒரு உத்தரவையும் திணித்தார்கள். நான் உடைத்த கதவுக்குப் பதிலாகப் புதுக் கதவை, எழுத்து வேலையோடு, திங்கள் திறப்பு விழாவுக்குள் நானே செய்து தர வேண்டும். 'பிழையற்ற சேவையின் பத்தாண்டு' என்று எழுத வேண்டுமாம்.

கதவை மாட்டினேன். பெரிய எழுத்தில், மூன்று வரி, உள்பக்கம் நின்று எழுதினேன். இயக்குநரும் பதிவாளரும் பின்வாசல் வழியாகக் காரில் வந்து இறங்கி, உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"கையெழுத்து கண்ணுல ஒத்திக்கற மாதிரி இருக்கு" என்றார் இயக்குநர். பதிவாளர் வழக்கம்போலத் தப்பான பக்கத்திலிருந்தே படித்து, "சரியா இருக்கு சார்" என்று கையொப்பம் போட்டுக்கொடுத்தார்.

வெளியே வரிசையில் நின்றவர்களுக்கு அது நேராகத் தெரிந்தது: 'உங்கள் கையில் இருக்கும் அட்டை பொய். பைமேல் ஒட்டிய சீட்டும் பொய். மறுபடி சோதிக்காமல் ஒரு சொட்டும் ஏற்ற விடாதீர்கள்.'

வரிசையில் முதல் ஆள் சங்கத் தலைவர். மகளுக்கு வியாழக்கிழமை அறுவை சிகிச்சை; மகளின் ஏ நெகட்டிவ் அட்டையைக் கையில் வைத்திருந்தார். கதவை ஒரு தடவை படித்தார். அட்டையைப் பார்த்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். மார்பில் இருந்த பித்தளைப் பேட்ஜைக் கழற்றிப் போட்டுவிட்டு, குனிந்து சாலையோரத்தில் ஒரு கருங்கல்லை எடுத்தார். முதல் கல் அவருடையது.

அப்புறம் வந்த கற்களை யாரும் எண்ணவில்லை. ஜனங்கள் உள்ளே புகுந்து, பதிவாளரை நாற்காலியோடு தூக்கிச் சொட்டுக்காரர் பக்கத்தில் தொப்பென்று போட்டு, ஒருவர் பின் ஒருவராக விரலை நீட்டினார்கள். குளிர்பெட்டியில் இருந்த பைகளையும் ஒன்று விடாமல் சோதிக்க வைத்தார்கள். மூன்று நாள் ஓயாமல் சோதனை நடந்தது. தலைவரின் மகள் பிழைத்துக்கொண்டாள்.

நெற்றியில் கட்டோடு இயக்குநர் கடைசியில்தான் வெளியே வந்தார். அப்படி என்னதான் எழுதியிருந்தது என்று பார்க்கத் திரும்பினாராம். அங்கே கதவு இல்லை, சட்டம் மட்டும்தான் நின்றது. இன்றுவரை அவருக்கு அது தெரியாது. புதுக் கதவுக்கு உத்தரவு வந்திருக்கிறது. தம்பி நொண்டிக்கொண்டே அளவெடுக்கப் போயிருக்கிறான்.